பாங்காக்கில் சந்திப்போம்: பல ஊர்களிலிருந்து வரும் நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்ற ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து இருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர். ஆளுக்கொரு முதுகுப்பை, கையில் மூன்று நாள், ஊர் பாங்காக். வாட்ஸப் குழுவில் மாதக்கணக்கில் பேசி முடிவான இப்படிப்பட்ட பயணங்கள் கெடுவது பெரும்பாலும் பார்க்கும் இடங்களால் அல்ல, கூடும் இடத்தால்தான். ஒருவர் டான் முவாங் விமான நிலையத்தில் இறங்கியிருப்பார், இன்னொருவர் சுவர்ணபூமியில் காத்திருப்பார். மூன்றாமவர் போனில் சிம் இருக்காது. நாலாமவர் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பார். அரை நாள் அங்கேயே போய்விடும். மிச்ச நாளை மனத்தாங்கல் தின்றுவிடும்.

ஆகவே கோயில், சந்தை பற்றிய விவரங்களைவிட, எங்கே எப்படிச் சேர்வது, எப்படிப் பிரிவது, பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கே இங்கே கூடுதல் இடம். கட்டணங்கள் 2025 நிலவரம். பத்து இருபது பாத் (தாய்லாந்து நாணயம்) கூடியிருந்தால் வியக்க வேண்டாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

முதலில் எத்தனை பேர் என்பதை முடிவு செய்யுங்கள். பாங்காக்குக்கு நான்கு பேர் சரியான எண்ணிக்கை. சாதாரண டாக்சியில் நான்கு பேர் ஏறலாம். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டி; இரண்டு வண்டி என்றால் இரண்டு இடத்தில் இறங்குவது, மறுபடி தேடுவது. ஐந்தாறு பேர் என்றால் தொடக்கத்திலேயே இரண்டு அணியாகப் பிரித்து, சாப்பாட்டு வேளைகளில் மட்டும் சேருங்கள். அது இன்னும் நன்றாகவே நடக்கும்.

அடுத்தது தேதி. சென்னையிலிருந்து பாங்காக் சுமார் மூன்றரை மணி நேரப் பறப்பு. பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் இறங்குகின்றன. "14ஆம் தேதி 00.30" என்று டிக்கெட்டில் இருந்தால், 13ஆம் தேதி இரவே விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 14ஆம் தேதி இரவு போய் நின்று விமானத்தைத் தவறவிட்டவர்கள் எண்ணற்றவர்கள். விடுதிப் பதிவிலும் இதே குழப்பம் வரும். ஒருவர் 13 இரவுக்கும் மற்றவர் 14 இரவுக்கும் கட்டில் பிடித்திருப்பார். குழுவில் எழுதும்போது "கிளம்பும் நாள்" என்று எழுதாதீர்கள். "பாங்காக்கில் தரையிறங்கும் நாள், கிழமை, பாங்காக் நேரம்" என்றே எல்லோரும் எழுத வேண்டும். பாங்காக் நேரம் இந்தியா, இலங்கை நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. சிங்கப்பூர், மலேசியாவைவிட ஒரு மணி பிந்தியது.

மூன்றாவதாக முடிவு செய்ய வேண்டியது, எந்த விமான நிலையம் என்பது. பாங்காக்குக்கு இரண்டு உண்டு. சுவர்ணபூமியின் குறியீடு பி.கே.கே., டான் முவாங்கின் குறியீடு டி.எம்.கே. ஏர் ஏசியா விமானங்கள் பெரும்பாலும் டான் முவாங்கில் இறங்கும். தாய் ஏர்வேஸ், இண்டிகோ போன்றவை சுவர்ணபூமியில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியே குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும், நெரிசல் வேளையில் அதைவிடக் கூடும். டிக்கெட் எடுத்ததும் இந்த மூன்றெழுத்துக் குறியீட்டைக் குழுவில் போடச் சொல்லுங்கள். "பாங்காக் ஏர்போர்ட்" என்று மட்டும் எழுதுவதை ஏற்காதீர்கள். டாக்சிக்காரரிடம் "சுவர்ணபூமி" என்று நாம் உச்சரிக்கிறபடி சொன்னால் புரியாது. அங்கே அது "சுவன்னபூம்".

விசா விதி அவரவர் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, அடிக்கடி மாறுவதும் உண்டு. நண்பருக்கு வேண்டாம் என்றால் உங்களுக்கும் வேண்டாம் என்று பொருளில்லை. டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் பக்கத்தை அவரவரே பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

விசா வேண்டுமோ வேண்டாமோ, வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள இதை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் தாய்லாந்து குடிவரவுத் துறையினுடையது அல்ல, இடைத்தரகருடையது. படிவத்தில் தங்கும் முகவரி கேட்பார்கள். விடுதியை ஒருவர் மட்டும் பதிவு செய்திருந்தால் மற்ற மூவரும் அந்தப் பெட்டிக்கு முன் திகைத்து நிற்பார்கள். முகவரியை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். குடிவரவு அதிகாரி திரும்பும் டிக்கெட்டையும் கையிலுள்ள பணத்தையும் காட்டச் சொல்லலாம். நண்பரிடம் பணம் இருக்கிறது என்ற பதில் அங்கே எடுபடாது.

எங்கே தங்குவது

முதுகுப்பைப் பயணிகள் என்றதும் எல்லோரும் காவ் சான் சாலையைச் சொல்வார்கள். மலிவு, சாப்பாடு, கூட்டம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பக்கம் ரயில் கிடையாது. இரவெல்லாம் பாட்டுச் சத்தம். ஒரே வேளையில் வந்திறங்கும் நண்பர்களுக்கு அது பரவாயில்லை. வெவ்வேறு வேளையில், வெவ்வேறு விமான நிலையத்தில் வருகிறவர்கள் ஒன்றுகூட அது தோதான இடமல்ல.

முதல் முறை போகிறவர்களுக்கு நல்ல தேர்வு சாம் யோட் அல்லது வாட் மங்கோன் எம்ஆர்டி (நிலத்தடி ரயில்) நிலையத்துக்கு நடை தூரத்தில் உள்ள விடுதி. இரண்டு விமான நிலையத்திலிருந்தும் ரயிலிலேயே வந்துவிடலாம் என்பதே பெரிய காரணம். சுவர்ணபூமியிலிருந்து ஏர்போர்ட் ரயில் லிங்க் பிடித்து மக்கசானில் இறங்க 35 பாத். அங்கிருந்து மேம்பால நடைபாதை வழியே ஃபெட்சபுரி எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து, லக் சோங் செல்லும் புளூ லைனில் ஏறினால் வண்டி மாறாமல் சாம் யோட். டான் முவாங்கிலிருந்து ரெட் லைனில் குருங் தெப் அபிவாட் வந்து, அங்குள்ள பாங் சூ எம்ஆர்டியில் அதே புளூ லைனைப் பிடிக்கலாம். சைனா டவுன் எனப்படும் யாவ்வராட் பக்கத்திலேயே இருக்கிறது. அரண்மனைப் பகுதி அடுத்த நிலையம்.

விடுதியில் கவனிக்க வேண்டியவை: அறை பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும், ஆனால் காலையில் வந்தாலும் பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சாவிக்கு நூறோ இருநூறோ பாத் முன்பணம் கேட்கலாம். பெயர் பதியாத ஆளை மேலே விடமாட்டார்கள், "என் நண்பர்தான், பை வைத்துவிட்டுப் போவார்" என்றாலும் சரி. வேறு விடுதியில் தங்கும் நண்பரைக் கீழே வரவேற்பறையில்தான் பார்க்க முடியும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் என்றால் தனித்தனிக் கட்டிலைவிட நான்கு கட்டில் கொண்ட அறை சில விடுதிகளில் மலிவாகவே வரும். இரண்டு விலையையும் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

விடுதி முகவரியைத் தாய் எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது கட்டாயம். ஆங்கிலத்தில் ஒரே தெருவை நாலு விதமாக எழுதுவார்கள். ஓட்டுநர்கள் பலருக்கு அதைப் படிக்க வராது. "சோய்" என்பது கிளைச் சந்து. ஒற்றைப்படை எண்கள் சாலையின் ஒரு பக்கமும் இரட்டைப்படை மறுபக்கமும் இருக்கும். இரு பக்க எண்களும் இணையாக ஓடாது. சோய் 30க்கு நேர் எதிரே சோய் 31 இருக்கும் என்று நம்பிச் சாலையைக் கடந்தால் வெகுதூரம் நடக்க வேண்டி வரும்.

முதல் சந்திப்பு

இரண்டு பேர் இறங்கும் நேரம் ஒரு மணிக்குள் இருந்தால் மட்டும் விமான நிலையத்தில் சந்தியுங்கள். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் காத்திருக்க வைக்காதீர்கள். முதலில் வந்தவர் விடுதிக்குப் போய், குளித்து, சாப்பிடட்டும். தூக்கமில்லாமல் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று மாலை யாருக்கும் நல்ல துணையாக இருக்க மாட்டார்.

சுவர்ணபூமியில் சந்திப்பதானால், வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில். அங்கே கூட்டம், வழிமறித்துக் கேட்கும் டாக்சித் தரகர்கள், ஒரே மாதிரி பல கதவுகள். அதைவிட முதல் தளத்திலுள்ள மேஜிக் ஃபுட் பாயிண்ட் என்ற உணவுக்கூடம் நல்லது. ஊழியர்கள் சாப்பிடும் இடம் என்பதால் விலை குறைவு. உட்கார மேசை உண்டு. முகப்பில் பணம் கட்டிக் கூப்பன் வாங்க வேண்டும். மிச்சத்தை அங்கேயே திருப்பி வாங்கிவிடலாம். விமானம் இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டியே சந்திப்பு நேரம் சொல்லுங்கள். குடிவரவு வரிசை நீண்டால் அதற்கும் மேல் போகும்.

ஊருக்குள் சந்திக்கும்போது ஒரு செய்தியில் ஆறு விஷயம் இருக்க வேண்டும்: நாள், பாங்காக் நேரம், இடம், எந்த எண் வாயில், மேலா கீழா, எவ்வளவு நேரம் காத்திருப்போம். தவறினால் அடுத்து எங்கே என்பது ஏழாவது. இப்படி எழுதுங்கள்:

"14 வியாழன், பாங்காக் நேரம் மாலை 5.30. சாம் யோட் எம்ஆர்டி, 1ஆம் எண் வாயில், மேலே தெருமட்டத்தில். 20 நிமிடம் நிற்போம். வராதவர்கள் இரவு 8 மணிக்கு விடுதி வரவேற்பறைக்கு வந்துவிடவும்."

இதில் யாரும் யாருக்கும் போன் செய்யத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். போன் செத்துப்போனாலும், சிம் வேலை செய்யாவிட்டாலும் இந்தச் சந்திப்பு நடக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அது தாமதமாக வருகிறவருக்கும் நிம்மதி. அவர் பதறிக்கொண்டு மோட்டார் பைக் டாக்சியில் பறந்து வரத் தேவையில்லை.

"சியாமில் நிற்கிறேன்" என்று மட்டும் சொல்வதுதான் பாங்காக்கில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சியாம் ரயில் நிலையம் இரண்டு பாதைகள் கூடும் பெருநிலையம். அதைச் சுற்றி சியாம் பாரகன், சியாம் சென்டர், சியாம் ஸ்கொயர் என்று எல்லாமே சியாம். இன்னொரு பொறி, ஒரே இடத்துக்கு இரண்டு பெயர். உயரத்தில் ஓடும் பிடிஎஸ் ரயிலும் நிலத்தடியில் ஓடும் எம்ஆர்டியும் வெவ்வேறு நிறுவனங்கள். சந்திக்கும் நிலையங்களுக்குக்கூட வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பிடிஎஸ்ஸில் அசோக் என்பது எம்ஆர்டியில் சுகும்வித். சாலா டேங் என்பது சி லோம். மோ சிட் என்பது சதுச்சாக் பார்க். ஒருவர் "அசோக் வந்துவிட்டேன்" என்பார், மற்றவர் "நான் சுகும்வித்தில் இருக்கிறேன், நீ எங்கே?" என்பார், இருவருக்கும் நடுவே ஒரு மின்படிக்கட்டுதான் இருக்கும்.

போன், சிம், மின்சாரம்

இ-சிம் வசதியுள்ள போன் என்றால் ஊரிலேயே வாங்கி நிறுவிவிடுங்கள். இல்லையென்றால் விமான நிலையக் கடைகளில் சுற்றுலா சிம் கிடைக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். நான்கு பேரில் குறைந்தது இருவரிடம் வெவ்வேறு நிறுவனத்து சிம் இருந்தால் நல்லது. பாங்காக் வரைபடத்தை ஆஃப்லைனில் எல்லோரும் இறக்கிக்கொள்ளுங்கள். நேரடி இருப்பிடப் பகிர்வு உதவும்தான், ஆனால் பேட்டரியைக் குடிக்கும். அடுக்குமாடி வணிக வளாகத்துக்குள் எந்தத் தளம் என்று காட்டாது.

தாய்லாந்தில் 220 வோல்ட். இரண்டு உருளை முள் கொண்ட நம் போன் சார்ஜர் அங்குள்ள பெரும்பாலான துளைகளில் சேரும். மூன்று உருளை முள் கொண்ட இந்திய லேப்டாப் பிளக் சேராது. சிங்கப்பூர், லண்டன் நண்பர்களின் தட்டை முள் பிளக்கும் சேராது. நாலு பேருக்கு ஒரு அடாப்டரும் பல வாய் கொண்ட யுஎஸ்பி சார்ஜரும் போதும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் 100 வாட்-அவருக்குள். 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-அவர், தடையில்லை.

இ-சிகரெட் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது. குழுவில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்தால் ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பொதுப் பணம்

நட்பு முறிவது பெரும்பாலும் ஐம்பது, நூறு பாத்தில்தான். ஆயிரத்தில் அல்ல. ஆயிரத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

முதல் நாள் ஆளுக்கு 1,000 பாத் போட்டு 4,000 பாத்தை ஒரு தனிப் பர்ஸில் வையுங்கள். டாக்சி, படகு, தண்ணீர், எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் தட்டுகள் அதிலிருந்து. நுழைவுக் கட்டணம், பீர், ஷாப்பிங், தனியாகச் சாப்பிடுவது அவரவர் காசு. பர்ஸை ஒரு நாளைக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மூன்று நாளும் கணக்குப்பிள்ளையாக இருந்தால் அவருக்குப் பயணமே இருக்காது. குடிக்காதவர், சைவம் சாப்பிடுபவர் குழுவில் இருந்தால் "எல்லாம் நாலாக வகு" என்பது அநியாயம். அதை முதல் நாளே பேசிவிட வேண்டும். பில் வந்த மேசையில் பேசினால் கசக்கும்.

பெரிய செலவை ஒருவர் கார்டில் கட்டினால், அந்த இடத்திலேயே ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலியில் பாத்தில் பதியுங்கள். ரூபாய், டாலர், பவுண்டு என்று அவரவர் நாணயத்தில் பதிந்தால் கடைசியில் எந்த மாற்று விகிதம் என்ற சண்டை வரும்.

தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு முறைக்கு 220 பாத் அளவில் கட்டணம் பிடிக்கும். இரண்டாயிரம் எடுத்தாலும் அதே, இருபதாயிரம் எடுத்தாலும் அதே. ஆகவே நாலு பேர் நாலு முறை எடுக்காமல், ஒருவர் மொத்தமாக எடுத்துப் பகிர்வது லாபம். "உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றித் தரட்டுமா" என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள். மாற்றாமல் எடுப்பதே நல்ல விகிதம். ரொக்கம் மாற்றுவதானால் சுவர்ணபூமியின் கீழ்த்தளத்தில், ஏர்போர்ட் ரயில் லிங்க் நுழைவாயில் பக்கமுள்ள மாற்றுக் கடைகள் மேலே உள்ள வங்கிக் கவுண்டர்களைவிட நல்ல விலை தரும். கசங்காத புதிய நூறு டாலர் தாள்களுக்கு விகிதம் அதிகம்.

ஊருக்குள் நகர்வது

எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு காண்டாக்ட்லெஸ் அட்டையை வாயிலில் நேரடியாகத் தட்டி உள்ளே போகலாம். ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். ஒருவருடைய அட்டையில் நாலு பேரும் போக முடியாது. உள்ளே தட்டிய அதே அட்டையை வெளியேறும்போதும் தட்ட வேண்டும். பிளாஸ்டிக் அட்டையைத் தட்டி உள்ளே போய், போனில் உள்ள அதே கணக்கைத் தட்டி வெளியே வர முயன்றால் கதவு திறக்காது. பிடிஎஸ்ஸுக்கு ஒற்றைப் பயண அட்டையை இயந்திரத்தில் வாங்குங்கள், 17 பாத்தில் தொடங்கும். ஒரு நாள் பாஸ் 150 பாத். அது 24 மணி நேரம் அல்ல, அன்றைய தேதி முடியும் வரை. மாலையில் வாங்கினால் நஷ்டம்.

நாலு பேர் சேர்ந்தால் கணக்கு மாறும் என்பதை மறக்காதீர்கள். சுவர்ணபூமியிலிருந்து கடைசி நிலையமான ஃபயா தாய் வரை ரயிலில் ஆளுக்கு 45, நாலு பேருக்கு 180 பாத். டாக்சியில் மீட்டர் 35 பாத்தில் தொடங்கும். விமான நிலையக் கட்டணம் 50, சுங்கச் சாவடிகள் தனி. மொத்தம் ரயிலைவிட இரண்டு மடங்கு ஆகலாம். ஆனால் அது விடுதி வாசலில் இறக்கிவிடும். நள்ளிரவுக்கு மேல் ரயில் கிடையாது என்பதால் அப்போது டாக்சிதான். முதல் தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதிலுள்ள எண் வரிசைக்குப் போங்கள். ஒரு சிக்கல்: பல டாக்சிகளின் டிக்கியில் எரிவாயு உருளை பாதி இடத்தை அடைத்திருக்கும். நாலு பெரிய முதுகுப்பை அதில் சேராது. இரண்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டி வரும். பை ஒவ்வொன்றும் 40 லிட்டருக்கு மேல் என்றால் கிராப் செயலியில் பெரிய வண்டி கூப்பிடுங்கள்.

ஏறும் முன் "மீட்டர்?" என்று கேளுங்கள். அரண்மனை, காவ் சான் பக்கம் நிற்கும் வண்டிகள் மறுப்பார்கள். வாதாடாமல் இருநூறு அடி நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் டாக்சியை நிறுத்துங்கள்.

ஆற்றுப் படகு இந்த ஊரின் தனிச் சுகம். சபான் தக்சின் பிடிஎஸ் நிலையத்தின் கீழே சாத்தோர்ன் படகுத்துறை. அங்கே நீலக் கொடிச் சுற்றுலாப் படகின் சீட்டை முதலில் நீட்டுவார்கள். ஊர்க்காரர்கள் போகும் ஆரஞ்சுக் கொடிப் படகு எவ்வளவு தூரமானாலும் 16 பாத். இறங்கும் துறை வரும் முன்பே படகின் பின்பக்கம் போய் நில்லுங்கள். ஒரு நிமிடம்கூட நிற்காது. நாலு பேரில் இருவர் இறங்கி இருவர் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அப்படி ஆனால் மாட்டியவர்கள் அடுத்த துறையில் இறங்கி எதிர்ப்படகில் திரும்ப வேண்டும். இறங்கியவர்கள் அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். இரு தரப்பும் தேடி நகர்ந்தால் சேரவே முடியாது. இந்த விதி ரயிலுக்கும் பொருந்தும்.

முதல் முழு நாள்

காலை 8 மணிக்கு சனாம் சாய் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். சரியாக 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அரண்மனை 8.30க்குத் திறக்கிறது, டிக்கெட் மாலை 3.30 வரை, 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதி. அரைக்கால் சட்டையோடு வந்த ஒரு நண்பரால் நாலு பேரும் வாசலில் நிற்க நேரும். முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.

அரண்மனைக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் நட்போடு வந்து, இன்று மூடியிருக்கிறது, பிற்பகல்தான் திறக்கும், அதுவரை இருபது பாத்துக்கு டுக்டுக்கில் (அங்குள்ள ஆட்டோ) வேறு கோயில் பார்க்கலாம் என்பார். அந்த டுக்டுக் ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும்தான் நிற்கும். அவரிடம் பேச்சை வளர்க்காமல் வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். அரச விழா நாட்களில் உண்மையிலேயே மூடுவதும் உண்டு. அதை முந்தின நாளே அரண்மனையின் தளத்தில் பார்த்துவிடலாம்.

உள்ளே நாலு பேரும் ஒட்டிக்கொண்டே போக முயலாதீர்கள். படம் எடுப்பவர் ஒரு வேகம், படிப்பவர் ஒரு வேகம். "11.15க்கு வாட் ஃபோ டிக்கெட் கவுண்டர்" என்று சொல்லிப் பிரிந்துவிடுங்கள். வாட் ஃபோ கோயிலுக்கு 300 பாத். 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தர் அங்கேதான். அதன் பின்னால் வரிசையாக உள்ள 108 வெண்கலக் கிண்ணங்களில் காசு போடும் ஒலி கூடமெங்கும் நிரம்பும். வெயில் ஏறிய பிறகு தா தியன் துறையிலிருந்து ஐந்து பாத் கொடுத்து ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோயில், 200 பாத். மூன்றும் சேர்த்தால் ஆளுக்கு 1,000 பாத் என்பது சிறிய தொகை அல்ல. கையிருப்பு குறைந்த நண்பர் அரண்மனையைத் தவிர்த்துவிட்டு வாட் ஃபோவில் சேர்ந்துகொள்ளலாம். அதை அவராகச் சொல்லக் கூச்சப்படுவார், நீங்களே முன்வைத்துவிடுங்கள்.

பிற்பகல் விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள். மாலை ஆறரைக்கு மேல் யாவ்வராட் தெருவோர உணவுக் கடைகள். திங்கட்கிழமை பல கடைகள் இருக்காது.

சி லோம் பக்கம் போனால் பான் சாலை முனையில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. தாய் மக்கள் அதை வாட் கேக் என்று அழைத்து, மாலையும் தேங்காயுமாகக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நவராத்திரியில் அம்மன் ஊர்வலத்துக்காக சி லோம் சாலையே அடைக்கப்படும். அந்த நாட்களில் அங்கே சந்திப்பு வைக்காதீர்கள். மற்ற நாட்களில் நல்ல சந்திப்பிடம்.

சைவம் சாப்பிடுபவர் இருந்தால்

தாய் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது இருக்கும். காய்கறி பேட் தாய் என்று வாங்கினாலும் மீன் சாறு இல்லாமல் வராது; பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் உண்டு. "வெஜிடேரியன்" என்றால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். "கின் ஜே" என்று சொல்லுங்கள். அது சீனப் பௌத்த மரபிலிருந்து வந்த கடுஞ்சைவம். முட்டை, வெங்காயம், பூண்டுகூட இராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள கடைகள் அதற்கானவை. "மை சை நாம் ப்லா" என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். சொல்வதைவிடத் தாய் எழுத்தில் எழுதிப் போனில் காட்டுவது நிச்சயமானது, ஏனென்றால் முதல் ஒலியில் மூச்சு சற்றுக் கூடிக் குறைந்தால் கோழியும் முட்டையும் இடம் மாறிவிடும். ஒன்றும் சரிவராவிட்டால் சாம் யோட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இந்தியர்கள் கடை வைத்திருக்கும் பஹுராட் இருக்கிறது.

சதுச்சாக்

சனி, ஞாயிறு மட்டும் முழுமையாக இயங்கும் இந்தச் சந்தையில் ஆயிரக்கணக்கான கடைகள். கம்ஃபெங் ஃபெட் எம்ஆர்டியின் 2ஆம் வாயில் நேரே சந்தைக்குள் கொண்டுவிடும். பிடிஎஸ்ஸில் வருபவர்கள் மோ சிட்டில் இறங்க வேண்டும். உள்ளே சேர்ந்து நடப்பது முடியாத காரியம், முயலவும் வேண்டாம். நடுவில் மணிக்கூண்டு இருக்கிறது. சந்தையின் பல இடங்களிலிருந்து தெரியும். முதலில் நாலு பேரும் அதன் அடியில் போய் நின்று பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குப் பிரியுங்கள். பிடித்த பொருளைக் கண்டால் அங்கேயே வாங்கிவிடுங்கள், அல்லது பிரிவு எண்ணையும் சோய் எண்ணையும் படம் பிடியுங்கள். "அப்புறம் வருவோம்" என்று விட்ட கடையைத் திரும்பக் கண்டுபிடிப்பது அரிது.

ஏதாவது ஆகிவிட்டால்

சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆம்புலன்ஸ் 1669. இரண்டையும் ஒரு தாளில் எழுதி, விடுதி முகவரி, ஒரு நண்பரின் எண்ணோடு பர்ஸில் வையுங்கள். போன் தொலைந்தவருக்குப் போனில் சேமித்த எண் உதவாது. பாஸ்போர்ட் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி வையுங்கள், உள்நுழைவு முத்திரைப் பக்கத்தையும் சேர்த்து. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு தூதரகம், கடைசியாக முத்திரைக்குக் குடிவரவு அலுவலகம் என்ற வரிசையில் போக வேண்டும். இந்தியத் தூதரகம் சுகும்வித் சோய் 23இல் இருக்கிறது. இதற்குப் பல நாள் ஆகலாம். அப்போது நாலு பேரும் டிக்கெட்டை மாற்ற வேண்டாம், ஒருவர் மட்டும் உடன் தங்கினால் போதும். யார் தங்குவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தால் அந்த நேரத்தில் முகம் பார்க்க வேண்டியதில்லை.

கடைசி நாள் கணக்கை விமான நிலையத்தில் முடிக்க நினைக்காதீர்கள். ஆளுக்கொரு நேரத்தில் பிரிந்துவிடுவீர்கள். முந்தின இரவு சாப்பாட்டு மேசையிலேயே பொதுப் பர்ஸை எண்ணி, செயலியில் உள்ள பாக்கியைப் பாத் ரொக்கமாகவே தீர்த்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சில்லறையைக் கடைசியாகக் கிளம்புகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவருக்குத்தான் காலை இட்லிக்குப் பதில் செவன் இலெவனில் ரொட்டியும் தண்ணீரும் வாங்க வேண்டியிருக்கும்.